கு. 7

தான் படுக்கப்போகிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நைனா சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துப்போன இடது கையை யாரும் பார்க்கக் கூடாது என்று மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டிருந்தார். கேட்டில் இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையின் வலது பக்கம் இருந்த கற்களை வாய்க்குள் எண்ணியபடி நடந்தார். ஏழாவதில் நின்றார். எழுத்தில்லாத கல். மேலே பூசியிருந்த காரை எப்போதோ பெயர்ந்து விழுந்து, பெயரும் அதோடு போய்விட்டிருந்தது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முதல் நாள் நாங்கள் சுண்ணாம்பு அடித்து, கனகாம்பரம் போட்டு, மெழுகுவத்தி ஏற்றியது இந்தக் கல்லுக்குத்தான். இதன் கீழே என் தாத்தா மாசிலாமணி இருக்கிறார்.

"நீளம் பத்துமாடா எனக்கு?" என்றார்.

"நீ இன்னா ஆறடியா? தாராளமாப் பத்தும்."

நடைபாதையின் இடது பக்கம் கல்லறைகள் இல்லை. இடுப்பளவு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் கல்யாணம் என்றால் இங்கேதான் பிரியாணி வெந்து அந்தப் பக்கம் போகும். தோட்டத்தில் குழி வெட்டுவதும், கொட்டகையைக் கழுவுவதும் ஏழுமலைதான். ரப்பர் குழாயோடு சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா சாரு, எடம் புடிக்க வந்துட்டியா? பஸ்ஸுல போடற மாதிரி ஒரு துண்டு போட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

நைனா சிரிக்கவில்லை. ஏழுமலை அதைப் பொருட்படுத்தாமல் என்னிடம் கொட்டகைத் தரையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். எத்தனை முறை சிமெண்ட் பூசினாலும் அங்கங்கே இறங்கிவிடுகிறதாம். அடுப்புக் கல் சாய்ந்து போன மாதம் ஒரு அண்டா ரசம் கவிழ்ந்ததாம். "கமிட்டில சொல்லு தம்பி. நான் சொன்னா, நீ ஒயுங்கா பூசலன்றாங்க."

நைனா தன் இடத்தைப் பார்க்க வந்ததற்குக் காரணம் சாவு பயம் அல்ல. அந்த ஜனவரியில் சபை கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. இனிப் புதுக் குழி கிடையாது. பதிவேட்டில் குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அதையே திறந்து, பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கி, புது ஆளை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே கல்குவாரி பக்கத்தில் புதிதாக ஒரு இடம் வாங்கியிருக்கிறார்கள். "நல்லதுதான். கர்த்தர் வந்து எழுப்பறதுக்கு முன்னாடியே வெடி வெச்சி எழுப்பிடுவானுங்க," என்றாள் அம்மா. நைனா உடனே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, வலது பக்கம் ஏழாம் எண் கல்லறை தன் தகப்பனாருடையது, தன்னையும் அதிலேயே அடக்கம் செய்ய அனுமதி வேண்டும் என்று அச்சடித்தது போலத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போதே அனுமதிக் கடிதம் கையில் வேண்டும் என்றார். செத்த பிறகு என்னை நம்ப முடியாது என்று அர்த்தம்.

கடிதம் வரவில்லை. எலிசபெத் ஆண்ட்டிதான் வந்தார். கமிட்டி செக்ரட்டரி, ஓய்வு பெற்ற நர்ஸ், சித்தூரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார்: "சாந்தகுமாரண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த ஏழாம் நம்பரு எங்க பெரியம்மா கிருபாவதி கல்லுன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. ரிஜிஸ்டர் பாத்தா ரெண்டு பேரும் இருக்காங்க. நாப்பத்தொம்போதுல எங்க பெரியம்மா, அறுபத்தொண்ணுல உங்க நைனா. ரெண்டுமே குடி ஏழு. எங்க பெரியம்மா குழியில உங்க நைனா எப்பிடி வந்தாரு?"

குடி என்றால் தெலுங்கில் வலது. அவர் சொன்ன ரிஜிஸ்டர் தெலுங்கு ரிஜிஸ்டர். பழைய அடக்கப் பதிவேடு தமிழில் இருந்தது. எண்பதுகளில் சபைக்குத் தெலுங்கு மட்டுமே தெரிந்த ஒரு போதகர், அய்யகாரு, வந்தபோது, அதைத் தெலுங்கில் படி எடுத்துக் கொடுத்தவர் நைனா. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, ஊரே சொல்லும் கையெழுத்து. ஏழு மாதம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து எழுதி முடித்தார். பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்துச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வை எங்கள் பீரோவில் இன்னும் நாப்தலின் உருண்டையோடு இருக்கிறது. மூலப் புத்தகம் திருப்பதிக்குச் சபைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதன்பின் யாரும் அதைத் தேடவில்லை. தேடியும் பயனில்லை, படிக்க ஆளில்லை. எங்கள் சபையில் வீட்டில் எல்லோரும் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது தெலுங்கு. ஞானப்பாட்டைக்கூடத் தெலுங்கு எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் தமிழில் பாடுவார்கள்.

நைனாவை விட்டால் எனக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். மெட்ராஸில் நாலு வருஷம் ராத்திரி ஷிஃப்டில் இருந்தேன், அமெரிக்க ஆஸ்பத்திரி பில் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்து எந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் நின்று நின்று, போர்டைப் பார்த்தே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு நாள் ஷிஃப்டுக்குப் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அது நடந்து ஒன்றரை வருஷம். "ஒரு லெட்டர் தப்பில்லாம எய்தத் தெரியாது. இவன எவன் வேலைக்கி வெப்பான்," என்று நைனா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். நான் உள்ளறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆக எலிசபெத் ஆண்ட்டி என்னைப் பார்த்துத் திரும்பினார். "அனிலு, நீதான் வாரத்துக்கு மூணு வாட்டி நைனாவத் திருப்பதிக்குக் கூட்டிக்கினு போறியே. அங்க ஆபீசுல போய் பழைய புக்கப் பாத்து, அந்தப் பக்கத்த போட்டோ எடுத்துக்கினு வா. ஞாயித்துக்கெழம கமிட்டில படிச்சிக் காட்டு. புக்கு இன்னா சொல்லுதோ அதான்."

நைனா கதவருகில் நின்றிருந்தார். "அதுல இன்னா இருக்கப்போவுது. நான் எய்தனதுதான் இருக்கும்," என்றார். அதைச் சொல்லிவிட்டு டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கணக்காகக் குடிக்கிறவர், அன்று முழு டம்ளரையும் குடித்தார்.

சனிக்கிழமை ஆறு மணி பஸ். சித்தூரில் டயாலிசிஸ் மெஷினுக்கு முறை கிடைக்காமல்தான் திருப்பதி. பாகாலா தாண்டும்வரை நைனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். சந்திரகிரிக் கோட்டை தெரிகிற இடத்தில் திடீரென்று, "அந்தப் புக்குல கரையான் ஏறியிருந்திச்சி. பாதி எழுத்தே இல்ல. நான் ஊகிச்சித்தான் எய்தினேன்," என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம தாத்தா ஊழியக்காரரு. அத மறந்துடாத," என்றார். இது நான் பிறந்ததிலிருந்து கேட்பது. எங்கள் வீட்டு ஜெபத்தில், சபையின் நூற்றாண்டு மலரில், நைனா அச்சடித்த என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் 'ஊழியர் மாசிலாமணி'தான். எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் கையில் பைபிளோடு ஊர் ஊராகப் போன ஒருவரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குடையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு ஆளை மனதில் வரைந்தும் வைத்திருந்தேன்.

நைனாவை மெஷினில் மாட்டிவிட்டால் நாலு மணி நேரம். ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். பழைய புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் செய்ய ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். ஹரிப்ரியா என்று மேசையில் பெயர்ப்பலகை. காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு மாட்டியிருந்தார். சித்தூர் அடக்கப் பதிவேடு என்றதும் கீழ் அலமாரியைத் திறந்து, துணியில் கட்டிய ஒன்றைத் தூக்கி வைத்தார். கரையான் எதுவும் ஏறியிருக்கவில்லை. நல்ல தாள், நீல மை, ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது.

"மீக்கு அரவம் வச்சா சார்?" என்றார். தமிழ் தெரியுமா என்று கேட்கிறார்; அவர்கள் தமிழை அரவம் என்பார்கள். கொஞ்சம் வரும் என்றேன். "அப்பாடா. இதில் எது தலை எது கால் என்றே தெரியாமல் நான் இரண்டு புத்தகத்தைத் தலைகீழாக ஸ்கேன் பண்ணிவிட்டேன்," என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

1949-ல் கிருபாவதி கிடைத்தார். வயது நாலு. இடம் என்ற கட்டத்தில் 'க. 7'. 1961-க்குப் புரட்டினேன். மாசிலாமணி. 'கு. 7'. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். ஒன்றில் 'க', மற்றதில் 'கு'. பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹரிப்ரியா அது என்ன எழுத்து என்று கேட்டார். கு என்றேன்.

"கு அண்டே குடி கதா சார்? ரைட் சைடு," என்றார்.

அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைத்து எழுதினால் பொய். என் எழுத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிய மனுஷன் ஒரு எழுத்தில் விழுந்திருக்கிறார். தெலுங்கு ஆபீஸ் புத்தி. 'கு' என்று பார்த்ததும் 'குடி' என்று விரித்துவிட்டார், 'க'வையும் அதே வேகத்தில் 'கு'வாகப் படித்து அதையும் வலது ஆக்கிவிட்டார். சால்வை வேறு. புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போனேன். அங்கே அந்தக் காலத்துப் போதகர் ஒருவர் தெளிவாக எழுதி வைத்திருந்தார்: 'நடைபாதைக்கு வலப்புறம் கல்லறை, சுருக்கம் க. இடப்புறம் குழி, சுருக்கம் கு.' கல் கட்ட வசதி இருந்தவர்கள் வலது பக்கம். இல்லாதவர்கள் இடது பக்கம், வெறும் மண்மேடு. கிருபாவதி கல்லுக்குக் கீழே. என் தாத்தா மண்ணுக்குக் கீழே, எதிர்ப் பக்கத்தில்.

'கு' என்று இருந்தவர்களை எண்ணினேன். முப்பத்தொன்று. நைனாவின் புத்தகத்தை நான் சிறு வயதில் பலமுறை புரட்டியிருக்கிறேன். அதில் எல்லோரும் வலதுதான், இடது என்று ஒரு ஆள்கூட இல்லை. இரண்டு பக்கம் இருக்கிற தோட்டத்தில் ஜனங்கள் ஒரே பக்கமாகவா செத்தார்கள் என்று முப்பத்தைந்து வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. இடது பக்கத்து மண்மேடுகள் மழையில் கரைந்தன, மரச் சிலுவைகளைக் கரையான் தின்றது. 1994-ல் கமிட்டி, பதிவேட்டின்படி இடது பக்கம் யாரும் இல்லை என்று தீர்மானம் எழுதி, நிலத்தைச் சமன் செய்து கொட்டகை கட்டியது. அப்போது செக்ரட்டரி நைனாதான்.

நைனா பாவம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகுதான் தாத்தாவின் வரியை முழுதாகப் படித்தேன். பெயர், மாசிலாமணி. வயது, நாற்பத்தொன்று. காரணம், வாந்திபேதி. தொழில் என்ற கட்டத்தில் 'சபை ஊழியம்: குழிவெட்டி' என்று இருந்தது.

கடைசிக் கட்டத்துக்கு 'வெட்டியவர்' என்று தலைப்பு. இருபது வருஷத்துக்கு மேல், பக்கம் பக்கமாக அந்தக் கட்டத்தில் ஒரே கட்டை விரல் ரேகை. க. ஆனாலும் கு. ஆனாலும் அதே ரேகை, நடுவில் ஒரு வெட்டுத் தழும்போடு. தாத்தாவின் வரியில் மட்டும் ரேகை இல்லை. பென்சிலில், கோட்டுக்கு மேலும் கீழும் போகிற பெரிய பெரிய எழுத்தில், ஒரு குழந்தையின் கையெழுத்து இருந்தது. சாந்தகுமார். தமிழில். நைனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

போட்டோ எடுத்தேன். ஹரிப்ரியா, தேடினது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

திரும்பிப் போனபோது மெஷினில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. நைனா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. குழாயில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் போனில் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நைனா, கு-ன்னா இன்னா?"

கண்ணைத் திறக்காமல், "குடி," என்றார்.

"கரையான் ஒண்ணும் இல்ல. பென்சில் எழுத்துகூட அப்பிடியே கீது."

மெஷின் ஒருமுறை கத்தியது, நர்ஸ் வந்து ஏதோ திருகிவிட்டுப் போனார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாந்திபேதின்னு எவனும் கிட்ட வரல. மம்முட்டி வீட்லதான் இருந்திச்சி. ஆறடி போவணும். மூணுக்கு மேல எனக்கு வரலடா. நீளமும் வரல. கல்லு. காலு மடக்கித்தான் வெச்சோம்."

ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"நாய் தோண்டிடும்னு ஒரு மாசம் அங்கியே குந்திக்கினு இருந்தேன். அப்ப எண்ணுவேன், அந்தாண்டப் பக்கத்துக் கல்லுங்கள. எல்லாம் எங்க நைனா வெட்டன குயி. எவனெவனோ பேரு வெட்டி வெச்சிக்கினான். அவருக்கு ஒரு கல்லு வோணாவா? எய்தற பேனா என் கையில வந்திச்சி, எய்தினேன். அவுர மட்டும் மாத்தினா கண்டுபுடிச்சிடுவானுங்க. முப்பத்தோரு பேரையும் மாத்தினேன். ஏழாம் நம்பர்ல பேரு இல்லாத கல்லு. கர்த்தரே குடுத்தாருன்னு நெனச்சிக்கினேன்."

"அப்புறம் புல்டோசர் வந்தப்ப?"

"எடது பக்கம் யாரும் இல்லன்னு எய்தி வெச்சவன் நான். எந்த வாயால நிறுத்துன்னு சொல்றது?" என் பக்கம் திரும்பினார். "காத்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்கியே நின்னேன். செக்ரட்டரி எவ்ளோ பொறுப்பா பாக்கறாருன்னு பேசிக்கினானுங்க."

பக்கத்துக் கட்டில் அம்மாள் போனை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா குரலை இறக்கினார். "நாளைக்கி நீ இன்னா படிக்கப்போற? உன்னத் தவிர எவனுக்கும் தெரியாது."

கெஞ்சவில்லை. ஆபீசில் கீழே இருப்பவனிடம் கேட்பது போலக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூடினார்கள். அய்யகாரு, எலிசபெத் ஆண்ட்டி, இன்னும் இரண்டு பேர். மறுநாள் யாருக்கோ கல்யாணம். கொட்டகைப் பக்கமிருந்து வெங்காயம் வெட்டுகிற வாசனையும் பாத்திரச் சத்தமும் வந்துகொண்டிருந்தது. நைனா முழுக்கைச் சட்டையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சால்வை மட்டும்தான் இல்லை. வலது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நான் வந்திருந்தேன். செத்துப்போகிற ஒரு மனுஷனுக்கு ஒரு எழுத்து. அதற்குள் எலிசபெத் ஆண்ட்டி மரியாதையாகச் சொன்னார்: "ஊழியக்காரரு. அவருக்கு நல்ல எடமாத்தான் குடுத்திருப்பாங்க. இருந்தாலும் புக்குல இருக்கறதப் பாத்துடலாம். படி அனிலு." நைனா அந்தச் சொல்லுக்கு லேசாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அந்தத் தலையசைப்பை என்னால் தாங்க முடியவில்லை. உண்மைமேல் எனக்கு ஒரு பிரியமும் இல்லை.

ராத்திரி வேலையில் கற்றது ஒன்றே ஒன்றுதான்: திரையில் இருப்பதைக் குரல் மாறாமல் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை படிப்பது. போனை எடுத்து அப்படியே படித்தேன். பெயர். வயது. காரணம். தொழில். இடம். வெட்டியவர். ஒவ்வொன்றையும் அய்யகாருவுக்காகத் தெலுங்கிலும் சொன்னேன். முதல் பக்கத்தின் போட்டோவையும் காட்டி, கு என்றால் குழி, இடது பக்கம் என்றேன். முப்பத்தொரு பேர் என்றேன்.

எலிசபெத் ஆண்ட்டி முகத்தில் ஜெயித்த களை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கொட்டகையைப் பார்த்தார். வெங்காயம் உரிக்கிற பெண்கள், அண்டாக்கள், குழாயோடு ஏழுமலை. திரும்பி வந்தபோது அவர் பார்த்தது என்னையும் இல்லை, நைனாவையும் இல்லை, அய்யகாருவை. "இந்தப் புத்தகம் திருப்பதியிலேயே இருக்கட்டும்," என்று தெலுங்கில் சொன்னார். அய்யகாரு உடனே, "அவுனவுனு," என்று ஆமோதித்தார். முப்பது வருஷமாக எங்கே வைத்துச் சோறு பொங்கினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"அண்ணா," என்றார் நைனாவிடம், "ஏழாம் நம்பர்லயே எய்திடலாம். எங்க பெரியம்மா நாலு வயசுக் கொழந்த. அது இன்னா சண்டைக்கா வரப்போவுது."

பத்து நிமிஷத்தில் கடிதம் தயார். வலது 7, குடும்பக் கல்லறை, அனுமதி. நைனா வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று முறை படித்தார். பிறகு விரலை வைத்து, "இங்க ஒத்து விட்டுப்போச்சி," என்றார். தெலுங்கில் எழுத்துக்குக் கீழே வரும் துணையெழுத்து அது. பிழையைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் எலிசபெத் ஆண்ட்டி, "போட்டோவ அழிச்சிடு தம்பி. எதுக்கு தேவையில்லாம," என்றார். அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். அழித்த படம் முப்பது நாள் போனிலேயே வேறொரு இடத்தில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் கேட்டிருப்பார். நானும் கொடுத்திருப்பேனோ என்னவோ.

வெளியே வந்ததும் நைனா ஸ்கூட்டர் பக்கம் வரவில்லை. சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாகக் கொட்டகைக்குள் போனார். என் தோளைப் பிடிக்கவில்லை. ஏழுமலை தரையைக் கழுவி முடித்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்தோடி, ஓடாதது தேங்கி நின்றது. அத்தனை வருஷம் அந்தக் கொட்டகையில் அண்டா தூக்கியிருக்கிறேன், ஒருமுறைகூட நான் அதைப் பார்த்ததில்லை. சிமெண்ட் இறங்கிய இடங்களில் மட்டும் தண்ணீர். நீள நீளமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, சுவரோரம் வரிசையாக. பெண்கள் அவற்றுக்கு நடுவே மணையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

நைனா வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். நானும் எண்ணினேன். ஏழாவது மற்றவற்றைப் போல நீளமாக இல்லை. குட்டையாக, ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அதன் விளிம்பில் யாரோ கழுவின அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"அங்க நிக்காத சாரு, வழுக்கும். அது எப்பவும் அப்பிடித்தான், எவ்ளோ பூசினாலும் எறங்கிக்கினே கீது," என்றார் ஏழுமலை.

நைனா செருப்பைக் கழற்றினார். பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினார். அது சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அதே குட்டை அளவில், அதே கோணலில் நின்றது. மறுபடியும் தள்ளினார்.